மண்ணு டெஸ்ட் பாஸ், அப்புறம்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன சீசன்ல வேலையை விட்டுட்டு விவசாயத்துக்குப் போனவங்களைப் பத்தி ஒரு எபிசோடு போட்டோம் இல்லையா, அதுக்கப்புறம் நிறைய பேர் மெசேஜ் பண்ணீங்க. "ஊர்ல தாத்தா நிலம் சும்மா கிடக்கு, என்ன பண்ணலாம்?", "வீக்கெண்ட் ஃபார்முக்கு ரெண்டு ஏக்கர் பார்த்திருக்கோம், அட்வான்ஸ் கொடுக்கலாமா?" இப்படி. எல்லாருக்கும் நான் ஒரே பதில்தான் அனுப்பினேன். "முதல்ல மண்ணை டெஸ்ட் பண்ணுங்க."

அந்தப் பதிலைத் திருத்திக்கத்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன். ஏன்னா அதே அட்வைஸை நானும் ஃபாலோ பண்ணேன். டெஸ்ட்ல எங்க மண்ணு பாஸ் ஆச்சு. பாஸ் ஆன அந்த மண்ணுல, தரைக்கு ஒரு மீட்டர் கீழ என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிய இன்னும் எட்டு மாசம் ஆச்சு.

எங்க சொந்த ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல. பாலாற்றங்கரையிலேர்ந்து ஒரு கிலோமீட்டர் உள்ள போகணும். அங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து மூணு ஏக்கர். அப்பா சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆகுது. சித்தப்பாதான் பார்த்துக்கிறார். பாதியில தென்னை, மீதி தரிசு. ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்குப் போனப்போ சித்தப்பாவே சொன்னார், "உங்கப்பா பங்கு சும்மா கிடக்குது பாப்பா, நீ ஏதாவது பண்றதுன்னா பண்ணு"ன்னு. எனக்குத் தலைகால் புரியல. நானும் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பிளான் போட்டோம். இயற்கை முறையில காய்கறி, வாரா வாரம் பெட்டியில கட்டி சென்னையில முப்பது வீட்டுக்கு சப்ளை. ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பைப் போடுறதா பேச்சு.

மண்ணை எடுத்து அரசு மண் பரிசோதனை நிலையத்துல கொடுத்தோம். மண்வள அட்டை வந்துச்சு. உப்பு கொஞ்சம் அதிகம், அங்ககக் கார்பன் குறைவு, ஜிப்சம் போடுங்கன்னு பரிந்துரை. அவ்வளவுதான். நான் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வெச்சேன்.

என் ஸ்கூல் தோழி ஒருத்தி தண்ணீர் பரிசோதனை லேப்ல வேலை பார்க்கிறா. ஸ்டேட்டஸைப் பார்த்துட்டு உடனே போன் பண்ணா. "உங்க ஊர் எதுடி?"ன்னு கேட்டா. சொன்னேன். "அந்த ஊர்ல நிலத்தை வெச்சுக்கிட்டு இந்தக் கார்டைப் பார்த்தா சந்தோஷப்படுற? இதுல குரோமியம் எங்க இருக்கு, காட்டு."

இல்ல. அந்த அட்டையில இருக்கிறது மொத்தம் 12 விஷயம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கார்பன். 2015ல ஆரம்பிச்ச திட்டம் இது. பயிருக்கு என்ன சத்து வேணும், எவ்வளவு உரம் போடணும்னு சொல்றதுக்காக உருவாக்கினது. அந்த வேலையை அது சரியாத்தான் செய்யுது. மண்ணுல ஈயம் இருக்கா, குரோமியம் இருக்கா, பழைய பூச்சிமருந்து எச்சம் இருக்கான்னு நாம அதுகிட்ட கேட்கவே இல்ல. லேப் நாம கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

"அப்போ எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிடலாம்"னேன். "எல்லாத்தையும்னு ஒரு டெஸ்ட் கிடையாதுடி. ஒவ்வொரு உலோகத்துக்கும் காசு. பூச்சிமருந்து எச்சத்துக்குத் தனிக் காசு. எங்க எடுக்கணும், எதைத் தேடணும்னு தெரியாம எடுத்தா உன் சம்பளம் பத்தாது. முதல்ல நிலத்தை நட. அப்புறம் பேப்பரைப் படி. அப்புறம் ஆளுங்களைக் கேளு. கடைசியாத்தான் லேப்"னு சொன்னா. நான் அதை அப்படியே தலைகீழா பண்ணியிருந்தேன்.

இனி நான் சொல்லப் போறது அந்த வரிசையைத்தான்.

நடக்கிறது

ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் ஊருக்குப் போனோம். கையில ஒரு நோட்டு, ஒரு டிடிஎஸ் மீட்டர். வீட்டுக்கு ஆர்ஓ மாட்ட வர்றவர் பேனா மாதிரி ஒண்ணை டம்ளர்ல விட்டுக் காட்டுவாரே, அதேதான். அவ மூணு கேள்வியை மனசுல வெச்சுக்கச் சொன்னா. கெட்டது எங்கேர்ந்து வரலாம்? எந்த வழியா வரும்? வந்தா யாரைத் தொடும்? இந்த மூணும் ஒரே கோட்டுல சேர்ந்தாதான் ஆபத்து. பரண்ல பத்திரமா மூடியிருக்கிற மருந்து டப்பாவால ஒண்ணும் ஆகாது. அதே டப்பா கிணத்தடியில உடைஞ்சு கிடந்தா கதை வேற.

எங்க நிலத்துலயே நாங்க எழுதினது இவ்வளவு. மோட்டார் கொட்டாய். கரண்ட் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி அங்க டீசல் இன்ஜின் இருந்துச்சு, பழைய ஆயிலை வெளியில ஊத்துறதுதான் வழக்கம். சுவரோரமா இன்னும் கருப்பா இறுகின மண்ணு இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே தண்ணித் தொட்டி. மருந்து அடிக்கிற டேங்க்கை முப்பது வருஷமா கழுவினது அங்கதான். நிலம் முழுக்க அடிச்ச மருந்து வெயில், மழையில கொஞ்சம் கொஞ்சமா குறையும். கலக்கின இடத்துலயும் கழுவின இடத்துலயும் அடர்த்தியா அப்படியே இறங்கிட்டே இருக்கும். கொட்டாய்க்குள்ள பரண்ல ஒரு கிழிஞ்ச பொட்டலம், உள்ள வெள்ளைத் தூள். சித்தப்பா அதை "பிஎச்சி பவுடர்"னார். நம்ம நாட்டுல அதைத் தடை பண்ணது 1997ல. டிடிடியை விவசாயத்துக்கு நிறுத்தினது 1989. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் நிறுத்தினது 2011. தடை பண்ணா கடையில விற்க மாட்டாங்க, அவ்வளவுதான். பரண்ல இருக்கிறது பரண்லயே இருக்கும், மண்ணுல இருக்கிறது மண்ணுலயே இருக்கும்.

கொட்டாய் மேல உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. வரப்போரமா குப்பை எரிச்ச குழி. குழியைக் குச்சியால கிளறினா செருப்பு கம்பெனித் தோல் துண்டு. எங்க பக்கம் அது அடுப்புக்கும் வரும், குப்பைக்கும் வரும். தோழி அங்க நின்னுட்டா. தோல் பதனிட குரோமியம் போடுறாங்க. தோல்ல இருக்கிறது குரோமியம்-3. அது மண்ணோட ஒட்டிக்கும், அவ்வளவு சுலபமா தண்ணியில கரையாது, விஷமும் குறைவு. ஆனா எரிக்கிறப்போ அதுல ஒரு பங்கு குரோமியம்-6 ஆக மாற வாய்ப்பிருக்கு. இந்தக் குரோமியம்-6 தண்ணியில கரையும், புற்றுநோயை உண்டாக்கும். அதனால சாம்பலை எரு மாதிரி வயல்ல தூவுற பழக்கம் இருக்கான்னு கேட்டா. சித்தப்பா "எப்பவாவது"ன்னார்.

அப்புறம் வெளியிலேர்ந்து வர்றது. ஏரி வண்டல் அடிச்சீங்களா, எந்த ஏரி, அந்த ஏரிக்கு எந்த ஓடை வருது? நகராட்சிக் குப்பை உரம் போட்டீங்களா? ஹைவே எவ்வளவு தூரம்? பெட்ரோல்ல ஈயம் கலக்கிறதை இந்தியா முழுக்க நிறுத்தினது 2000ல. ஹைவேயை ஒட்டின நிலம்னா ரோட்டோர மேல்மண்ணுல அந்தக் காலத்து ஈயம் இன்னும் இருக்கலாம். எங்களுக்கு ஹைவே தள்ளி இருக்கு, அதை அடிச்சுட்டோம். இப்படி அடிக்கிறதும் முக்கியம். பட்டியல்ல இல்லாததுக்கு லேப்ல காசு கட்ட வேண்டாம்.

கடைசியா கிணத்துத் தண்ணியில மீட்டரை விட்டோம். 2,700. குடிதண்ணிக்கு இந்தியத் தரத்துல 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும். "இது உப்பை மட்டும்தான் காட்டும். குரோமியம் இருந்தாலும் இந்தப் பேனாவுக்குத் தெரியாது"ன்னு தோழி சொன்னா. ஆனா எங்க பக்கத்துக்கு அந்த உப்பே ஒரு துப்பு. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு போட்டுத்தான் வெப்பாங்க. டேனரியில முதல் வேலையே தோலை ஊற வெச்சு அந்த உப்பைக் கழுவி வெளியேத்துறது. அதனால பாலாற்றங்கரை நிலங்களை முதல்ல கெடுத்தது உப்பு. நெல் போச்சு, கரும்பு போச்சு, உப்பைக் கொஞ்சம் தாங்குற தென்னை மிஞ்சிச்சு. நான் சின்ன வயசுல "எங்க ஊர்ல அழகா தென்னந்தோப்பு இருக்கும்"னு கட்டுரை எழுதியிருக்கேன். அந்தத் தோப்பு ஏன் வந்துச்சுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்.

பேப்பர்

பட்டா, சிட்டா எல்லாம் யார் பேர்ல நிலம் இருக்குன்னு சொல்லும். வில்லங்கச் சான்றிதழ்ல யார் யாருக்கு வித்தாங்க, அடமானம் வெச்சாங்கன்னு வரும். நிலத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியணும்னா அடங்கல் பார்க்கணும். ஒவ்வொரு பசலியிலயும் என்ன பயிர், எதுல பாசனம்னு கிராம நிர்வாக அலுவலர் எழுதுற கணக்கு அது. பசலி எண்ணோட 590 கூட்டிக்கோங்க. பசலி 1405ன்னா 1995 ஜூலையிலேர்ந்து 1996 ஜூன் வரைக்கும். எல்லா வருஷமும் எங்களுக்குக் கிடைக்கல. கிடைச்சதுலயே நெல், அப்புறம் கேழ்வரகு, அப்புறம் வெறும் "தரிசு"ன்னு வரிசையா ஒரு நோயாளியோட கேஸ் ஷீட் மாதிரி இருந்துச்சு.

அந்தக் காலகட்டம் எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. 1970களுக்கு முன்னாடி இங்க பெரும்பாலும் ஆவாரம்பட்டையில தோல் பதனிட்டாங்க. ஏற்றுமதிக் கொள்கை மாறினதுக்கு அப்புறம்தான் குரோமியம் பெரிய அளவுல வந்துச்சு. 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரி வழக்குல தீர்ப்பு கொடுத்துச்சு. "மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும்"ங்கிறதை இந்தியச் சட்டத்துல உறுதியா நிறுத்தின தீர்ப்பு அது, லா படிக்கிறவங்க எல்லாருக்கும் பாடம். அந்தத் தீர்ப்புலயே இருக்கு, டேனரிப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போச்சுன்னு. இழப்பீடும் சீரமைப்பும் முடியாம, 2025 ஜனவரியில மறுபடி உச்ச நீதிமன்றம் அதே விஷயத்துல உத்தரவு போட வேண்டி வந்துச்சு. ராணிப்பேட்டையில 1990கள்லயே மூடின ஒரு குரோமேட் தொழிற்சாலையோட கழிவு லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கிடந்த விஷயமும் உங்கள்ல சிலர் படிச்சிருப்பீங்க.

இவ்வளவும் பொதுவா ஊருக்கு நடந்தது. எங்க நிலத்துல நடந்தது எங்க வீட்டு பீரோவுல இருந்துச்சு.

1979ல தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரிச்ச பத்திரம். நான் அதைச் சத்தமா வாசிச்சுட்டிருந்தேன். "மேற்படி நிலத்திலுள்ள கிணறுகள் இரண்டும்"னு வந்துச்சு. நிறுத்திட்டேன். நாங்க காலையில நடந்து பார்த்தது ஒரே கிணறுதான். தாலுகா ஆபீஸ்ல வாங்கின புலப்படத்தை விரிச்சோம். அதுலயும் ரெண்டு குறி. ரெண்டாவது குறி இருந்த இடம், நான் தக்காளி போடலாம்னு கயிறு கட்டி வெச்சிருந்த இடம்.

கேட்கிறது

சித்தப்பாகிட்ட கேட்டேன். "இன்னொரு கிணறு எங்க சித்தப்பா?"

"தூத்துட்டோம்."

"எப்போ?"

"உங்க அத்தை கல்யாணத்தப்போ."

அதுக்கு மேல அவர் பேசல. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி வெச்சார். நான் விட்டுட்டேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறம் அவரே வந்து திண்ணையில உட்கார்ந்தார்.

அந்தக் கிணறு வத்திப் போச்சு. இருந்த கொஞ்சத் தண்ணியும் வாயில வைக்க முடியாத கசப்பு. அந்த வருஷம் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு, கையில காசு இல்ல. தோல் ஷாப்புலேர்ந்து ஒருத்தர் வந்து, "கிணத்தைச் சும்மா வெச்சிருக்கீங்களே, நாங்க தூத்துக் கொடுக்கிறோம், லோடுக்கு இவ்வளவு"ன்னு சொல்லியிருக்கார். ராத்திரியில லாரி வந்துச்சாம். எத்தனை லோடுன்னு சித்தப்பா எண்ணி வெச்சிருக்கார், அதை நான் இங்க சொல்லல. மேல ரெண்டடி செம்மண் போட்டு மூடிட்டாங்க. "எருவு மாதிரிதான், மக்கிடும்னு சொன்னாங்க பாப்பா. எங்களுக்கு என்ன தெரியும்? ஊர்ல நாங்க மட்டுமா பண்ணோம்?"

அப்புறம் சொன்னார், "நீ காய் போடப் போறேன்னு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா அத்தை கல்யாண ஆல்பத்துல ஒன்றரை வயசுல பட்டுப்பாவாடையில நான் நிக்கிற போட்டோ இருக்கு. அந்தப் பட்டுப்பாவாடை எந்தக் காசுல வந்ததுன்னு யோசிச்சப்போ, நான் யார் மேல கோபப்படுறதுன்னு எனக்குத் தெரியல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். கிராமத்துல நிலத்தோட கதையைக் கேட்கிறப்போ போலீஸ் மாதிரி கேட்காதீங்க. "மண்ணுல என்ன கலந்தீங்க?"ன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க. "இங்க முன்னாடி என்ன விளைஞ்சுது? எந்த மூலையில பயிர் வராது? எந்தத் தண்ணியை மாடு குடிக்காது? மழைத்தண்ணி எங்கேர்ந்து வந்து எங்க போகும்?" இப்படிக் கேளுங்க. நிலம் வாங்குறவங்களா இருந்தா விக்கிறவரைத் தாண்டி, அங்க கூலிக்கு வேலை செஞ்சவங்களைக் கேளுங்க. களை எடுத்தவங்களுக்கு எந்த மூலை எப்படின்னு தெரியும்.

லேப்

இப்பத்தான் லேப். நான் முதல் தடவை என்ன தப்பு பண்ணேன்னும் இங்கதான் புரிஞ்சுது.

மண்வள அட்டைக்கு மாதிரி எடுக்கிறப்போ, வயல் முழுக்கப் பத்து, பதினஞ்சு இடத்துல உழவு ஆழத்துக்கு எடுத்து, ஒண்ணாக் கலந்து, அரைக் கிலோ கொடுக்கணும். வரப்போரம், எருக்குழி, மரத்தடி, கிணத்தடி, வாய்க்கால் ஓரம் எல்லாத்தையும் ஒதுக்கச் சொல்வாங்க. சத்து பார்க்கிறதுக்கு அது சரியான முறை. சராசரி தெரிஞ்சாப் போதும். மாசு தேடுறப்போ, அவங்க ஒதுக்கச் சொன்ன இடங்கள்தான் நமக்கு வேணும். அதையும் நல்ல மண்ணோட கலக்கக் கூடாது. ஒரு மூலையில மட்டும் இருக்கிற விஷத்தைப் பதினாலு நல்ல இடத்து மண்ணோட கலந்தா ரிப்போர்ட்ல அது காணாமப் போயிடும்.

எல்லா இடத்தையும் டெஸ்ட் பண்ணவும் இல்ல. தோழி ஒரு கேள்வி கேட்டா. "ரிசல்ட் எப்படி வந்தாலும் நீ பண்ணப் போறது மாறாதுன்னா, எதுக்குக் காசு?" மருந்து கலக்கின இடத்துலயும் கருப்பு ஆயில் மண்ணுலயும் எப்படியும் காய் போடப் போறதில்ல. அதனால டெஸ்ட் பண்ணாமலே சுத்தி வேலி. பிஎச்சி பொட்டலத்தைக் குப்பையில போடாம, எரிக்காம, உறை போட்டுக் கட்டி மூடி தனியா வெச்சுட்டு, வேளாண்மை அலுவலகத்துல எழுதிக் கொடுத்திருக்கோம்.

மண்ணு மூணு இடத்துல எடுத்தோம். வேலி குழி போடுற கை ஆகரை வெச்சு, கையுறை, மாஸ்க் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் கருவியைக் கழுவிக்கிட்டு. ஒண்ணு, காய் போட நினைச்ச வயல். ரெண்டு, தூத்த கிணறு. மூணு, எப்பவும் பாசனமே இல்லாத, எந்த ஓடையும் வராத ஒரு மேட்டு நிலம். இந்த மூணாவது ரொம்ப முக்கியம். குரோமியம் எந்த மண்ணுலயும் இயற்கையாவே கொஞ்சம் இருக்கும். உங்க ஊர் மண்ணுல இயல்பா எவ்வளவுன்னு தெரியாம, வயல் நம்பரை மட்டும் பார்த்து பயப்படவும் முடியாது, நிம்மதியாகவும் முடியாது.

தூத்த கிணத்துல ஆகர் செம்மண்ணைத் தாண்டி இறங்கினதும் வெளிய வந்தது சாம்பல் நிறமா, நீலமும் பச்சையும் கலந்த சேறு. நடுநடுவுல மயிர். 27 வருஷத்துல அது மக்கவே இல்ல. சித்தப்பா பக்கத்துல நின்னு பார்த்தார். ஒண்ணும் பேசல.

ரிப்போர்ட் வந்துச்சு. மொத்தக் குரோமியம் ஒரு கிலோ மண்ணுக்கு மேட்டு நிலத்துல 38 மில்லிகிராம், வயல்ல 71, கிணத்துல 1,900க்கு மேல. ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்றேன், விவசாய மண்ணுக்கு கனடா வெச்சிருக்கிற வழிகாட்டு அளவு 64. குரோமியம்-6 தனியா கேட்டிருந்தோம், மூணுலயும் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கீழ. கிணத்துத் தண்ணியில குரோமியம் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள்ளதான் இருந்துச்சு. இது ஒரு மாசத்து, ஒரு பாட்டில் தண்ணியோட பதில். நிலத்தடி நீர் மழைக்கு முன்ன ஒரு மாதிரி, பின்ன ஒரு மாதிரி இருக்கும். அதனால மழைக்காலம் முடிஞ்சதும் திரும்ப எடுக்கணும்.

அந்தத் திட்டம் என்னாச்சு

காய்கறிப் பெட்டி இப்போதைக்கு இல்ல. வயல் நம்பர் பயங்கரமானது இல்லதான். ஆனா முப்பது வீட்டுக்கு "இயற்கை விவசாயம்"னு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறதுக்கு, "பெருசா பயப்பட வேண்டாம்"ங்கிற பதில் எனக்குப் பத்தல. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர்கிட்டயும் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒருத்தன், "பூச்சிமருந்து அடிக்கலைன்னா இயற்கைதானே, யாரு குரோமியம் கேட்கப் போறா?"ன்னான். நாங்க இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கோம், ஆனா பார்ட்னர்ஷிப் அங்கயே முடிஞ்சுது.

வயல்ல ஜிப்சம் போட்டு, வரப்பை உயர்த்தி மழைத்தண்ணியை நிறுத்தி உப்பை இறக்கிட்டிருக்கோம். ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் மண்ணுல ஒட்டியிருக்கிற சோடியத்தைத் தள்ளிவிடும், நல்ல தண்ணி அதைக் கீழ கொண்டு போகும். கிணத்துத் தண்ணியே 2,700ன்னா அதுக்கு மழைதான் வேணும். குப்பை எரிக்கிறதை நிறுத்தியாச்சு. தூத்த கிணத்தை நாங்க தோண்டல. தோண்டினா அதை எங்க கொண்டு போய்க் கொட்டுறது? நாங்க கொட்டினா அது இன்னொருத்தர் கிணறு. சுத்தி வேலி போட்டு, மழைத்தண்ணி அதுமேல நிக்காம மேடாக்கி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ரிப்போர்ட்டோட மனு கொடுத்திருக்கோம். 2025 ஜூலையில மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாள்றதுக்குன்னே தனி விதிகள் கொண்டு வந்திருக்கு. சந்தேகப்படுற இடங்களைப் பட்டியல் எடுத்து ஆய்வு பண்ணணும்னு அதுல இருக்கு. பட்டியல்ல எங்க கிணறும் வரட்டும்.

மனு கொடுக்க வேண்டாம்னு அப்பாவே சொன்னார். "நிலத்தோட விலை போயிடும். சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு அதுதான் இருக்கு." அவர் சொன்னதுல தப்பு இல்ல. கையெழுத்து போட வேண்டியவர் சித்தப்பாதான். நாலு நாள் யோசிச்சுட்டு, போட்டார்.

இன்னொரு வேலை பாக்கி இருந்துச்சு. எங்க நிலத்துலேர்ந்து தண்ணி சரியுற பக்கம் ஒரு வீடு இருக்கு. அந்த அக்காவுக்கு ரெண்டு பசங்க. அவங்க போர்வெல் தூத்த கிணத்துலேர்ந்து நூறடி கூட இருக்காது. நான் தனியா போறதாத்தான் இருந்தேன். சித்தப்பா சட்டையை மாட்டிக்கிட்டு, "நானும் வரேன்"னார். அங்க போய் அவரே ஆரம்பிச்சார், லாரி வந்த ராத்திரியிலேர்ந்து. அந்த அக்கா முழுசா கேட்டாங்க. எங்களைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்க தண்ணியை அந்த லேப்ல கொடுத்தா எவ்வளவு ஆகும்?"னு கேட்டாங்க. சித்தப்பா, "அதை நான் பார்த்துக்கிறேன்மா"ன்னார். மறுநாள் அந்தப் பாட்டிலைத்தான் பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு சென்னைக்கு வந்தேன்.

ரிசல்ட் வந்துச்சு. குரோமியம் வரம்புக்குள்ள, உப்பு மட்டும் அதிகம். அதுலேர்ந்து அவங்க குடிக்கிறதுக்குக் கேன் தண்ணிக்கு மாறிட்டாங்க. மழைக்கு அப்புறம் ரெண்டு கிணத்தையும் சேர்த்து மறுபடி எடுப்போம்.

ஆக, அட்வான்ஸ் கொடுக்கலாமான்னு கேட்டவங்களுக்கு என் திருத்தின பதில் இது. மண்வள அட்டை வாங்குங்க, அது சத்துக்கு. அதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் அந்த நிலத்தை நடங்க. மோட்டார் கொட்டாய், மருந்து கழுவின இடம், எரிச்ச குழி, வாய்க்கால், மேல்பக்கம் யார் இருக்காங்க, எல்லாத்தையும் எழுதுங்க. பழைய பத்திரத்துல இருக்கிற ஒவ்வொரு கிணத்தையும் நேர்ல போய் எண்ணுங்க. அங்க வேலை செஞ்சவங்களோட உட்கார்ந்து ஒரு டீ குடிங்க. அப்புறம் லேப்ல என்ன கேட்கணும்னு உங்களுக்கே தெரியும்.

உங்க ஊர் நிலத்துலயும் இப்படி ஒரு கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஊர் பேர் வேண்டாம்னா சொல்லுங்க, எடுத்துடுறோம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.